எழுபது, எண்பது வயதில் மெய்வல்லுநர் போட்டி: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் முதியோர் சங்கக் கூட்டங்களிலும் பாடசாலை மைதானங்களிலும் திரும்பத் திரும்ப வருகிற சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். மருந்து பற்றிய பதில்களைப் படித்துவிட்டு நீங்களே மருந்தை நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

இந்த வயசுல போட்டின்னா சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுல சங்கீதக் கதிரை ஓடுறதுதானே?

இல்லை. உலக அளவில் மாஸ்டர்ஸ் மெய்வல்லுநர் என்று தனிப் பிரிவே இருக்கிறது. முதல் உலகப் போட்டி 1975-ல் டொரொன்டோவில் நடந்தது. ஆணானாலும் பெண்ணானாலும் 35 வயதில் தொடங்கி ஐந்து ஐந்து வயதாகப் பிரிவுகள் போகும்: 70–74, 75–79, 80–84 என்று நூறும் தாண்டும். 81 வயதுக்காரர் 80–84 பிரிவில் உள்ளவர்களோடுதான் மோதுவார்.

100 மீற்றர், 1500 மீற்றர், வேகநடை, நீளம் பாய்தல், குண்டு போடுதல், பரிதிவட்டம், ஈட்டி என்று கிட்டத்தட்ட எல்லாமே உண்டு. நம் நாட்டிலிருந்தும் போகிறார்கள். 2023-ல் பிலிப்பைன்ஸில் நடந்த முதியோர் போட்டியில் முல்லைத்தீவைச் சேர்ந்த 72 வயது அகிலத்திருநாயகி தங்கப் பதக்கங்களோடு திரும்பினார்.

சின்ன வயசுல ஓடினதே இல்ல. இப்ப 76. இனிமே தொடங்க முடியுமா?

முடியும். கனடாவின் ஒல்கா கொட்டெல்கோ மெய்வல்லுநருக்கு வந்தது 77 வயதில்; தொண்ணூறு தாண்டியும் பாய்ந்தார், எறிந்தார். பஞ்சாபின் மன் கௌர் 93-ல் தொடங்கி, 2017-ல் ஓக்லாந்தில் நடந்த போட்டியில் 101 வயதில் 100 மீற்றர் ஓடினார். ஒரு வகையில் தாமதமாகத் தொடங்குகிறவருக்கு ஒரு வசதியும் உண்டு: இளமையில் கடுமையாக ஓடித் தேய்ந்த மூட்டும் பழைய காயங்களும் அவருக்கு இருக்காது.

ஆனால் எந்த நிகழ்ச்சியில் தொடங்குகிறீர்கள் என்பது முக்கியம். வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது மரதன். எங்கள் கருத்தில் எழுபதுக்கு மேல் புதிதாக வருகிறவர் கடைசியாக யோசிக்க வேண்டியது அதுதான். வேகநடை, குண்டு போடுதல், பரிதிவட்டம் இந்த மூன்றில் ஒன்றை எடுங்கள். எறிதல் நிகழ்ச்சிகளை ஏனோ யாரும் மதிப்பதில்லை. இதயத்துக்கு நீண்ட நேரச் சுமை இல்லை, கையும் இடுப்பும் பலப்படும், விழுகிற ஆபத்தும் குறைவு.

நாப்பது வருஷம் மலை ஏறி கொழுந்து எடுத்த உடம்பு. தனியா பயிற்சி வேற வேணுமா?

வேண்டும். மலையேறியதால் உங்களுக்குக் கிடைத்திருப்பது மூச்சும் தொடைப்பலமும். கிடைக்காதது வேகம். கொழுந்து எடுக்கையில் காலடி சின்னது, முதுகு முன்னே வளைந்திருக்கும், கூடையின் பாரம் நெற்றியிலும் கழுத்திலும் இழுக்கும். வேகமாகச் சுருங்கும் தசை நார்கள் வயதோடு முதலில் மெலிபவை. பயன்படுத்தாவிட்டால் இன்னும் சீக்கிரம் போய்விடும். அதோடு வேலையிலிருந்து நின்று எத்தனை வருடம் ஆகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐம்பத்தைந்தில் பேர் வெட்டி, இருபது வருடம் வீட்டோடு இருந்தவருக்குப் பழைய பலம் அப்படியே இருக்காது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கைப்பிடி இல்லாத கதிரையைச் சுவரோடு சேர்த்துப் போட்டு உட்காருங்கள். இரண்டு கைகளையும் நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 75–79 வயதில் ஆண் 11, பெண் 10. 80–84-ல் ஆண் 10, பெண் 9. இதற்குக் குறைந்தால் ஓட்டத்தை விட்டுவிட்டு முதலில் கால்பலத்தைப் பாருங்கள். அடுத்தது, ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் பெருவிரலோடு ஒட்டி நேர்கோட்டில் 10 விநாடி நில்லுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும். நிற்க முடியாவிட்டால் விழும் ஆபத்து அதிகம் என்று அர்த்தம்.

டொக்டரைக் கட்டாயம் பாக்கணுமா? மாசா மாசம் கிளினிக் போறோமே.

கிளினிக்கில் பிரஷர் பார்த்து மருந்து தருவார்கள். நீங்கள் ஓடப்போகிறீர்கள் என்று சொன்னால்தானே அதற்கு ஏற்ற மாதிரிப் பார்ப்பார்கள். "போட்டிக்குப் பயிற்சி எடுக்கப் போறேன், ஈசிஜி ஒண்ணு எடுக்கணும்" என்று நேராகக் கேளுங்கள். இதயத்தில் இரைச்சல் கேட்கிறதா, படுத்து எழும்பும்போது பிரஷர் விழுகிறதா, இரத்தச்சோகை இருக்கிறதா, இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மலையேறும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ போகும் வலி, காரணமில்லாத மயக்கம் வந்திருந்தால் மறைக்காதீர்கள்.

பிரஷர் 180/110-ஐத் தாண்டிய நாளிலும், காய்ச்சல் உள்ள நாளிலும் பயிற்சியே இல்லை.

என் மாத்திரை எல்லாம் சாப்பிட்டுட்டு ஓடலாமா? ஊக்கமருந்துன்னு பிடிச்சிருவாங்களா?

இரண்டும் வேறு வேறு கேள்வி. முதலில் உடம்பு. பிரஷருக்கோ இதயத்துக்கோ பிசோபிரலோல், அட்டெனலோல் எடுக்கிறவருக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. பொதுவாக உச்சத் துடிப்பைக் கணக்கிட 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பார்கள். 80 வயதுக்கு 152 வரும். இந்த மாத்திரைக்காரருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கைக்கடிகாரம் காட்டுவதை விட்டுவிட்டுப் பேச்சை வைத்துப் பாருங்கள்: ஒரு முழு வசனம் பேச முடிந்தால் அளவான வேகம், இரண்டு வார்த்தைக்கு மேல் வராவிட்டால் அதிகம். சீனிக்கு கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் அல்லது இன்சுலின் எடுப்பவருக்கு ஓட்டத்துக்குப் பிறகு, சில நேரம் அன்றிரவுகூட, சீனி இறங்கும். இடுப்புப் பையில் குளுக்கோசு இருக்க வேண்டும். மெட்போமின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

அடுத்தது விதி. மெய்வல்லுநரில் மேலே சொன்ன பிசோபிரலோல் வகைக்குத் தடையில்லை. அம்லோடிபின், லொசார்ட்டன், மெட்போமின் மூன்றுக்கும் தடையில்லை. தடை உள்ளவை: சிறுநீர் போக வைக்கும் புரூசமைட், ஹைட்ரோகுளோரோதையசைட் போன்றவை, இன்சுலின், போட்டி நேரத்தில் வாயாலோ ஊசியாலோ எடுக்கும் பிரெட்னிசொலோன் வகை. லொசார்ட்டனோடு ஹைட்ரோகுளோரோதையசைட் கலந்த மாத்திரையும் உண்டு, பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். மூச்சிழுப்புக்கு எடுக்கும் சல்பியூட்டமோல் பம்ப் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600-க்கு மேல் போகாமல் அனுமதி. தடை உள்ள மருந்து தேவைப்பட்டால் நிறுத்தக் கூடாது. மருத்துவக் காரணத்துக்கான விதிவிலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும். வழி கேட்க வேண்டிய இடம் இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம். "பலத்துக்கு" என்று பெயர் ஒட்டாத போத்தலில் தரும் தூள், லேகியம் வேண்டவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது.

இன்னொன்று அதிகம் பேருக்குத் தெரியாது. சலக்கடுப்புக்குக் கொடுக்கும் சிப்ரோபுளொக்சசின் வகை அன்டிபயோட்டிக் அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்குக் குதிநாணைப் பலவீனமாக்கும், அறுந்தும் போகலாம். பிரெட்னிசொலோனும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். அந்த மருந்து எடுக்கும் நாட்களிலும் முடிந்து சில வாரங்களும் ஓட்டமோ பாய்ச்சலோ வேண்டாம்.

பொறப்பு சான்றிதழ் இல்ல. வயசை எப்படி நிரூபிக்கிறது?

மலையகத்தில் இதுதான் பெரிய தடை. லயத்தில் பிறந்து, பதியாமலே போன பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஏராளம். வயது நிரூபணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் மரதன் ஓட்டக்காரர் பௌஜா சிங். 2011-ல் டொரொன்டோ மரதனை 8 மணி 11 நிமிடத்தில் முடித்தார். 1911-ல் பிறந்ததாகக் கடவுச்சீட்டு சொன்னது. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதைச் சாதனையாகப் பதியவில்லை.

உள்ளூர்ப் போட்டிக்குப் பெரும்பாலும் தேசிய அடையாள அட்டை போதும். பழைய ஒன்பது இலக்க எண்ணிலேயே பிறந்த தேதி இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள். பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்துத்தான் கணக்கு. 44566 என்று தொடங்கினால் 1944-ல் 66-வது நாள் பிறந்த பெண்: ஜனவரி 31, பெப்ரவரி 29 போக மார்ச் 6. அட்டையில் அச்சிட்ட தேதியும் இந்தக் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள்.

வெளிநாடு போகக் கடவுச்சீட்டு வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் முதலில் தேடச் சொல்லி விண்ணப்பியுங்கள். பல பேருடைய பதிவு வேறு எழுத்துக்கூட்டலில், அப்பாவின் பெயர் மாறி, அங்கேயே கிடக்கும். கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு வழியிருக்கிறது. பாடசாலை விடுகைப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம், தோட்டத்து செக்ரோல் (வேலையாட்களின் பெயர்ப் பட்டியல்) பதிவு, ஈபிஎப் தாள், பழைய பிரஜாவுரிமைப் பத்திரம், எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். பெயர் இரண்டு விதமாக இருந்தால் சத்தியக் கடதாசி தேவைப்படும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் பயிற்சி தொடங்குகிற அன்றே கடதாசி வேலையையும் தொடங்கிவிடுங்கள்.

யார்கிட்ட பேர் கொடுக்கிறது?

பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பார். முதலில் அவரைப் பாருங்கள். உங்கள் கிராம சேவகர் பிரிவு முதியோர் சங்கத்திலும் பெயர் பதிந்திருங்கள். அறுபதைத் தாண்டியவர் முதியோர் அடையாள அட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். உலக, ஆசிய மாஸ்டர்ஸ் போட்டிகளுக்குத் தனியாளாகப் போய் நிற்க முடியாது. நாட்டின் மாஸ்டர்ஸ் அமைப்பு வழியாகத்தான் பெயர் போகும். செலவு பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான்.

எனக்கு 79 வயசு 11 மாசம். எந்தப் பிரிவு?

மாஸ்டர்ஸ் போட்டித் தொடரின் முதல் நாளில் உங்கள் வயது என்னவோ அதுதான் கணக்கு. முதல் நாள் 79 என்றால், மூன்றாம் நாள் பிறந்தநாள் வந்தாலும் 75–79-ல்தான் ஓடுவீர்கள். ஊர்ப் போட்டிகள் "60-க்கு மேல்", "70-க்கு மேல்" என்று தங்கள் வசதிக்குப் பிரிப்பார்கள், விண்ணப்பத்தைப் படியுங்கள்.

ஐந்து வயதுப் பிரிவில் இளையவராக நுழைவது பெரிய சாதகம். எறிதலில் இன்னும் பெரிய சாதகம், அடுத்த பதிலைப் பாருங்கள்.

குண்டு எத்தனை கிலோ? எல்லாருக்கும் ஒண்ணா?

இல்லை, வயதோடு குறையும். ஆண்களுக்கு 60–69-ல் 5 கிலோ, 70–79-ல் 4 கிலோ, 80-க்கு மேல் 3 கிலோ. பெண்களுக்கு 50–74-ல் 3 கிலோ, 75-லிருந்து 2 கிலோ. பரிதிவட்டம் ஆண்களுக்கு 60-க்கு மேல் 1 கிலோ. பெண்களுக்கு 74 வரை 1 கிலோ, 75-லிருந்து 750 கிராம். ஈட்டி ஆண்களுக்கு 70–79-ல் 500 கிராம், 80-லிருந்து 400 கிராம். பெண்களுக்கு 50–74-ல் 500, 75-லிருந்து 400. ஊர்ப் போட்டியில் பாடசாலைக் குண்டையே எல்லோருக்கும் கொடுப்பார்கள். எடையைக் கேட்டுவிட்டுக் கையில் எடுங்கள்.

பயிற்சிக்குக் குண்டு கிடைக்காவிட்டால் ஆற்றில் உருண்டையான கல் எடுத்துக் கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளலாம். 2 கிலோ கல் சுமார் 11 சென்ரிமீற்றர் குறுக்களவு இருக்கும். இரும்புக் குண்டு அதைவிடச் சின்னது. ஆகவே கையில் பிடிக்கும் பழக்கத்துக்காகப் போட்டிக்கு முன் சில நாளாவது உண்மையான குண்டில் போட்டுப் பாருங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு, கிரிக்கெட் பந்து மாதிரி எறிவது. குண்டைக் கழுத்தோடு, தாடைக்குக் கீழ் வைத்துத் தள்ள வேண்டும். தோள் கோட்டுக்குப் பின்னால் போகவே கூடாது. போனால் முயற்சி செல்லாது, தோள் தசைநாரும் கிழியும். வட்டத்தின் குறுக்களவு 2.135 மீற்றர். போட்ட பிறகு முன்பக்கமாக நடந்து வெளியேறினால் பிழை. குண்டு தரையில் விழும் வரை நின்று, பின்பாதி வழியாக வெளியே வாருங்கள். நல்ல தூரம் போட்ட சந்தோசத்தில் முன்னுக்கு நடந்து அதை இழந்தவர்கள் நிறையப் பேர்.

மட்டமான எடமே இல்ல. எங்க போய் ஓடுறது?

ஒரு கரப்பந்து மைதானம் போதும். நீளம் 18, அகலம் 9 மீற்றர், சுற்றி வந்தால் 54 மீற்றர். 28 சுற்று போனால் 1500-ஐக் கொஞ்சம் தாண்டும். மூலைகளில் வளைவு கடுமை, சில சுற்றுக்கு ஒரு தடவை திசை மாற்றுங்கள், ஒரே முழங்காலுக்குப் பாரம் விழாது. வேக ஓட்டத்துக்கு ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) முன்னால் உள்ள ரோட்டிலோ, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலோ மேசன்மாரின் 30 மீற்றர் நாடாவால் 60 மீற்றர் அளந்து சுண்ணாம்பில் கோடு போடுங்கள்.

மேட்டில் ஏறுவது நல்ல பயிற்சி. இறங்குவதுதான் உடைக்கும். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. இரண்டு நாளைக்கு வலி, முழங்காலுக்கும் அடி. ஓடி ஏறுங்கள், தடியூன்றி மெதுவாக நடந்து இறங்குங்கள்.

நேரத்தையும் இடத்தையும் பார்த்து எடுங்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை மழை, தார்ரோட்டில் பாசி பிடித்து வழுக்கும். பதுளை, பண்டாரவளையில் ஐப்பசி, கார்த்திகைதான் கஷ்டம். குளவிக்கூடு உள்ள மரத்துக்குக் கீழே போகும் பாதையை விட்டுவிடுங்கள், குளவி கலைந்தால் இந்த வயதில் தப்பி ஓட முடியாது. விடியற்காலை இருட்டிலும் பொழுது சாயும்போதும் தேயிலைக்குள் சிறுத்தை நடமாடும். காலை எட்டுக்குப் பிறகு, துணையோடு போவதே நல்லது.

வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி?

மூன்று நாள் நடை அல்லது ஓட்டம், இரண்டு நாள் பலப்பயிற்சி, இரண்டு நாள் ஓய்வு. கடினமான இரண்டு நாள் அடுத்தடுத்து வரக் கூடாது. முப்பது வயதுக்காரர் ஒரு நாளில் தேறுவதற்கு உங்களுக்கு இரண்டு, மூன்று நாள் பிடிக்கும். காலையில் எழும்பும்போது கால் இன்னும் கனமாக இருந்தால் அன்றைக்குப் பயிற்சியை விடுங்கள். இந்த வயதில் நாங்கள் பார்க்கும் காயங்களில் பெரும்பங்கு பயிற்சி கூடியதால் வந்தவை.

பலத்துக்கு: கதிரையிலிருந்து எழுந்து உட்காருதல் 8 தடவை, மூன்று முறை. சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்தல் 10, மூன்று முறை. லயத்துப் படியில் ஒரு படி ஏறி இறங்கல், ஒவ்வொரு காலுக்கும் 8. இலேசாகிவிட்டால் கையில் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு.

வேக ஓட்டக்காரர் முதல் எட்டு வாரம் முழுவேகமே போக வேண்டாம். 40 மீற்றரை முக்கால் வேகத்தில் நாலு தடவை ஓடி, ஒவ்வொன்றுக்கும் பிறகு மூன்று நிமிடம் நடந்தால் போதும். ஒரு நாளில் வேகமாக ஓடும் மொத்தத் தூரம் 300 மீற்றரைத் தாண்ட வேண்டாம். குளிரில் உடம்பு சூடேற இருபது நிமிடம் வேண்டும். ஸ்வெட்டரைக் கடைசி நிமிடத்தில் கழற்றுங்கள்.

ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டா போதாதா?

போதாது. கோதுமை ரொட்டி சக்தி தரும், தசை கட்டாது. முதியவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ என்றால் 50–60 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், அவித்த பருப்பு ஒரு கோப்பையில் சுமார் 18 கிராம். சோயா மீட், கௌபி, நெத்தலி மலிவானவை. நெத்தலியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் உப்புக் கொஞ்சம் போகும். முழுவதையும் இராச் சோற்றோடு வைக்காமல் மூன்று வேளைக்கும் பிரியுங்கள். சிறுநீரக நோய் உள்ளவருக்கு அளவு வேறு, வைத்தியர் சொன்னதுதான்.

சாயத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் சேராது. ஒரு மணி நேரம் இடைவெளி போதும். தேயிலை நாட்டில் இதைச் சொன்னால் முறைப்பார்கள்தான்.

நாங்க உசரத்துல இருக்கிறவங்க. கொழும்புல போய் ஓடினா நாங்கதானே ஜெயிப்போம்?

நுவரெலியா 1868 மீற்றர். அங்கே காற்றில் ஒட்சிசன் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஹட்டனில் வித்தியாசம் இன்னும் சின்னது. மூச்சில் சிறு இலாபம் இருக்கலாம். ஆனால் சுகததாச மைதானத்தில் முப்பது பாகை வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் அந்த இலாபத்துக்கு மேல் நட்டம்.

வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதியவருக்கு வியர்வையும் குறைவு, தாகமும் தெரியாது. கீழே சொந்தக்காரர் வீடு இருந்தால் ஒரு வாரம் முன்பே இறங்கிவிடுங்கள். முடியாவிட்டால் முதல் நாளாவது போய்த் தூங்குங்கள். இரவெல்லாம் பஸ்ஸில் வளைவுகளில் வாந்தியெடுத்துவிட்டுக் காலையில் ஓடுவது சரிப்படாது. ரயிலில் போனால் மணிக்கு ஒரு தரம் எழுந்து நடங்கள், கால் வீங்காது.

போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பு 400 மில்லிலீற்றர் தண்ணீர். நீண்ட நடைக்கு ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல் தூள்) ஒரு பக்கெட்டை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுதாகக் கரைத்து எடுத்துப் போங்கள். பாதிப் பக்கெட்டைக் கண்ணளவில் கரைக்கக் கூடாது. செவ்விளநீரில் பொட்டாசியம் அதிகம். லொசார்ட்டன் எடுப்பவரும் சிறுநீரகக் கோளாறு உள்ளவரும் குடம் குடமாகக் குடிக்க வேண்டாம். இதயம் பலவீனம் என்று தண்ணீர் அளவு கட்டியவர் அந்த அளவை மீறக் கூடாது.

சப்பாத்து போட்டே பழக்கமில்ல. வெறுங்காலோட ஓடலாமா?

விதி அனுமதிக்கிறது. ஆனால் செயற்கைச் சுவடு மத்தியான வெயிலில் சுடும், பாதம் கொப்புளிக்கும். சீனி உள்ளவர், பாதத்தில் உணர்வு குறைந்தவர் வெறுங்காலில் ஓடவே கூடாது. புண் வந்தது தெரியாமலே பழுக்கும். பாட்டா செருப்போடும் ஓடாதீர்கள், முன்பக்கம் மடங்கி விழுத்தும். விலை கூடிய சப்பாத்து தேவையில்லை. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம், குதிகால் கழலாமை, வழுக்காத அடி, மூன்றும் போதும். சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கிய அளவு தெரியும். மூன்று வாரமாவது போட்டுப் பழகுங்கள். ஆணிச் சப்பாத்து எழுபதுக்கு மேல் புதிதாக வருகிறவருக்கு வேண்டாம்.

சேலையோட நடக்கலாமா?

ஊர்ப் போட்டியில் விடுவார்கள். அதிகாரபூர்வ வேகநடையில் சிக்கல். முன்வைக்கும் கால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்புக்கு நேர்கீழே வரும் வரை முழங்கால் நீட்டியிருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியும்படி இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பக் கூடாது. முழங்கால் தெரியாவிட்டால் நடுவர் எப்படித் தீர்ப்புச் சொல்வார்? மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதினால் வெளியே. இறுக்கமான லெகிங்ஸும் நீளமான டீசேட்டும் போட்டால் மானத்துக்கும் குறைவில்லை, நடுவருக்கும் கஷ்டமில்லை.

குனிஞ்சு உக்காந்து எழும்ப முடியாது. காதும் மந்தம். எப்படி ஓட்டம் தொடங்குறது?

மாஸ்டர்ஸ் விதியில் குனிந்து தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. தொடக்கக் கட்டையும் வேண்டாம், கை தரையில் படவும் வேண்டாம். நின்றபடியே, ஒரு கால் முன்னே வைத்துத் தொடங்கலாம். காது மந்தம் என்பதை அழைப்பு இடத்திலேயே உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். தொடக்குபவரைப் பார்க்க வசதியான ஓடுபாதை தரச் சொல்லிக் கேட்கலாம். தருவது அவர்கள் விருப்பம். கிடைக்காவிட்டால் பக்கத்து ஆள் அசைந்ததும் நீங்களும் புறப்படுங்கள். அரை விநாடி போகும், அவ்வளவுதான்.

ஓடி முடிச்ச உடனே தலை சுத்துது. ஏன்?

ஓடும்போது கால் தசைகள்தான் இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. கோட்டைத் தாண்டியதும் சடாரென்று நின்றால் இரத்தம் காலிலேயே தங்கி, பிரஷர் விழுந்து, மயக்கம் வரும். பிரஷர் மாத்திரை எடுப்பவருக்கு இன்னும் அதிகம். ஓட்டம் முடிந்த பிறகும் ஐந்து நிமிடம் நடந்துகொண்டே இருங்கள். பேரப்பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடித்தால் அவரையும் இழுத்துக்கொண்டு நடங்கள்.

நடந்தும் சுற்றினால் படுத்துக் காலை உயர்த்துங்கள். நெஞ்சுவலி, வாய் கோணல், பேச்சுக் குழறல், பிதற்றல் எது வந்தாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸ். தோட்டத்தில் பயிற்சி என்றால் வண்டி வரக்கூடிய சந்தி எது, அங்கிருந்து எத்தனையாவது கட்டை என்பதைத் துணைக்கு வருகிறவர் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். தோட்டத்தின் பெயர் மட்டும் சொன்னால் எந்தப் பிரிவு என்று தெரியாமல் சுற்றுவார்கள்.

என் பிரிவுல நான் ஒருத்தர்தான். தனியா ஓடி வாங்குற தங்கம் ஒரு தங்கமா?

இதை நக்கலாகக் கேட்பவரும் உண்டு, மனம் நொந்து கேட்பவரும் உண்டு. எண்பதுக்கு மேல் ஆள் குறைவது இயல்பு. பெரும்பாலும் இரண்டு மூன்று பிரிவைச் சேர்த்து ஓட்டிவிட்டு, பதக்கத்தைத் தனித்தனியாகக் கொடுப்பார்கள். சில போட்டிகளில் குறைந்தபட்ச நேரமோ தூரமோ எட்டினால்தான் பதக்கம், அதையும் விண்ணப்பத்தில் பாருங்கள்.

உங்கள் ஓட்டம் எப்படிப்பட்டது என்று அறிய வேறு வழி இருக்கிறது. ஒவ்வொரு வயதுக்கும், நிகழ்ச்சிக்கும் ஓர் உச்ச அளவு வைத்து மாஸ்டர்ஸ் அமைப்பு அட்டவணை வைத்திருக்கிறது. அந்த அளவை உங்கள் நேரத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். கணக்குக்காக உங்கள் வயதின் அளவு 18 விநாடி என்று வைப்போம். நீங்கள் 24 விநாடியில் ஓடினால் 75 சதவீதம். அடுத்த வருடம் 24.3 எடுத்தும் சதவீதம் ஏறியிருந்தால் வயதை நீங்கள் ஜெயித்திருக்கிறீர்கள்.

சாதனை என்று பதிய வேண்டுமானால் இது போதாது. 100, 200 மீற்றர் போன்ற குறுந்தூர ஓட்டங்களுக்குத் தானியங்கி நேரக்கணிப்பு வேண்டும். 100, 200 மீற்றருக்கும் நீளம் பாய்தலுக்கும் பின்காற்று விநாடிக்கு 2 மீற்றரைத் தாண்டாமல் அளந்திருக்க வேண்டும். வயது நிரூபணமும் வேண்டும், அது மேலே சொன்ன கடதாசிக் கதைதான். கைக்கடிகாரத்தில் யாரோ பிடித்த நேரத்தை வைத்து "ஆசிய சாதனை" என்று முகநூலில் போட்டு, பிறகு சங்கடப்படாதீர்கள்.

எத்தனை மாசம் பயிற்சி எடுத்துட்டு முதல் போட்டிக்குப் போகலாம்?

குண்டு, பரிதிவட்டத்துக்கு மூன்று மாதம். வேகநடைக்கு நான்கு. 100 மீற்றருக்கு ஆறு. மரதனைத்தான் ஓடுவேன் என்று நிற்பவருக்கு நாங்கள் சொல்வது இரண்டு வருடம். 2016-ல் 85 வயதில் நாலு மணி நேரத்துக்குள் மரதன் ஓடிய கனடாவின் எட் விட்லொக் அதற்குப் பல வருடம் முன்பிருந்தே ஓடிக்கொண்டிருந்தவர்.

முதல் போட்டியை வீட்டுக்குப் பக்கத்தில் எடுங்கள். கண்டி போகம்பரை, பதுளை, நுவரெலியா எதுவானாலும் அன்றிரவே திரும்பி வந்து சொந்தக் கட்டிலில் படுக்கக்கூடிய தூரமாக இருக்கட்டும்.